இடது சீட்டுக்காரி

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு நீலத் திருகு கிடக்கிறது. பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். அலுமினியத்தில் கடைந்து நீலம் ஏற்றியது. பிடித்துத் திருக விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளம், அடியில் ஆறு பட்டையாக ஒரு குச்சி. கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அது உருண்டு கூட்டின் சுவரில் முட்டும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு முகம் சுடும். அதை என் உள்ளங்கையில் வைத்தவர் கார் ரிப்பேர் செய்கிற ஒரு மிஸ்திரி. "வலப்பக்கம் திருப்பினா வண்டி இறுகும், இடப்பக்கம் திருப்பினா இளகும். ஒவ்வொரு திருப்புக்கும் டிக்குன்னு ஒரு சத்தம் வரும், அத எண்ணிக்குங்க, மாஷிமா" என்றார். மாஷிமா என்பது வங்காளிகள் அம்மாவின் கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற முறை. அவர் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் வரைக்கும் ஒரு தடவைகூட நான் அதைத் திருப்பவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் என் வாயையும் திறக்கவில்லை. அதனால் அந்த மனுஷருடைய பேர் கெட்டது. எப்படிக் கெட்டது என்று நான்தான் சொல்ல வேண்டும், எனக்குத்தான் தெரியும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வங்காளத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, கார்டன் ரீச் பக்கம் குவார்ட்டர்ஸ். சுவருக்கு அந்தப்புறம் வங்காளிக் குடும்பம், இந்தப்புறம் வங்காளிக் குடும்பம். அவர்கள் சண்டை, சமாதானம், ரேடியோ எல்லாம் காதில் விழுந்து விழுந்து, மூன்றே வருஷத்தில் எனக்கு அந்தப் பாஷை முழுதும் விளங்கிவிட்டது. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் துணிந்து நாலு வார்த்தை பேசினேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தவர், விழுந்து விழுந்து சிரித்தார். "நீ வாய மூடிக்கிட்டு இரு தாயி, நான் பேசிக்கிடுதேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்றோடு நாக்கு உள்ளே போய்விட்டது. காய்கறி வண்டிக்காரனிடம் எவ்வளவு, கொடு, வேண்டாம், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பெங்காலி தெரியாது என்று என் மகனும் நினைத்தே வளர்ந்தான். தெரியும் என்று சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்தபிறகு மகனோடு இதே ஊரில் சால்ட் லேக்குக்கு வந்துவிட்டேன். அவனுக்கு செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். அவன் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு சிவப்புக் கார். பார்க்கச் சின்ன வண்டி, மிதித்தால் பறக்கும் என்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப்போல் கார்ப் பித்துப் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போய்வருவார்கள். மற்ற நாளில் அந்தக் காரில் அவன் பக்கத்தில், இடது சீட்டில், உட்காருகிற ஆள் நான் ஒருத்திதான். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பென்ஷன் கையெழுத்துக்கு. சீட் பெல்ட்டைக்கூட அவன்தான் மாட்டிவிடுவான்.

"ஃப்ளைஓவர் வளைவுல வண்டி படகு மாதிரி சாயுதும்மா" என்று ஒருநாள் ஆரம்பித்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பிரிங்கையும், குலுக்கலை அடக்குகிற ஷாக்கரையும் கழற்றிவிட்டு, வேறு மாட்டப்போகிறேன் என்றான். நாலு மாசம் அதே பேச்சு. தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் படமாகப் பார்ப்பான். பெண் படம் காட்டினால் தலை நிமிராதவன், ஸ்பிரிங் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதைக் கண்டு நான் சிரிப்பேன். கடைசியில் இரண்டு செட்டில் வந்து நின்றான். ஒன்று பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் போடுவது; வண்டியை இரண்டு இன்ச் தரையோடு இறக்கிவிடும், இரும்பாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் இளகினது. அவன் மனசு இரும்பின் பக்கம். யாரிடம் மாட்டுவது என்று விசாரித்தபோது அவன் கூட்டாளிகள் எல்லாரும் கார்டன் ரீச்சில் பட்டறை வைத்திருக்கும் இந்த மிஸ்திரியின் பேரைத்தான் சொன்னார்கள்.

மிஸ்திரி அவன் போனில் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதை மகன் வந்து எரிச்சலோடு சொன்னான். இது பந்தய மைதானத்துக்கு, நம் ரோடு மைதானமா? ட்ராம் தண்டவாளம் இருக்கிறது, மழைக்காலக் குழி இருக்கிறது. இரண்டு இன்ச் இறக்கினால் ஸ்பிரிங் மடங்க இடம் ஏது? அது மடங்க வேண்டியதை உட்காருகிறவர் முதுகு மடங்கிக் கொடுக்கும். இளகின செட்டைப் போடு, ஒரு இன்ச் இறக்கு, மீதியை ஷாக்கரில் பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிவிட்டுக் கடைசியாக, "இடது சீட்ல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டாராம். அம்மா என்றதும், மாட்டி முடித்தபிறகு மூன்று சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாராம்.

"நீ எதுக்கும்மா? உனக்கு ஷாக்கர்னா என்னன்னு தெரியுமா? அந்த ஆளோட வழக்கமாம். எந்த வண்டிய ட்யூன் பண்ணினாலும் இடது சீட்டு ஆளக் கொண்டு வரச் சொல்லுவாராம். ஒருத்தன் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போயிருக்கான், ஒருத்தன் நாயக் கொண்டு போயிருக்கான்" என்று மகன் சிரித்தான்.

நான் வரவில்லை என்றேன். அவன் விடவில்லை. மிஸ்திரி சொன்ன இளகின செட்டையே மாட்டியபிறகு, முதல் சனிக்கிழமை, நான் குடித்தனம் நடத்திய இடத்துக்குப் பக்கத்துச் சந்திலேயே போய் இறங்கினேன். தகரக் கூரை, உள்ளே ஒரு பள்ளம், வாசலுக்கு மேல் சிவப்பு எழுத்தில் கையால் எழுதிய பலகை. மிஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தார், காதில் ஒரு சாக்பீஸ் செருகியிருந்தது. ஸ்டூலைத் துணியால் ஒரு தடவை துடைத்தார், அந்தத் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு துணியால் மறுபடி துடைத்தார். மண் குவளையில் டீ வரவழைத்தார். மகனுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "நீங்க இங்கயே இருந்து பேசுங்க தாதா, நானும் மாஷிமாவும் போய்ட்டு வரோம்" என்று அவரே ஓட்டினார். தாதா என்றால் இவர்களுக்கு அண்ணன்.

துறைமுகச் சுவரை ஒட்டிய ரோடு அது. முதலில் பழைய சரக்கு ரயில் தண்டவாளம், பிறகு உடைந்த சிமென்ட் தளம், கடைசியில் அடுத்தடுத்து இரண்டு வேகத்தடை. ஒரே வேகத்தில் அதைக் கடந்து, ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார், "லாக்சே?" உறுத்துகிறதா, வலிக்கிறதா என்று இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான். நான் தலையை ஆட்டினேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. "டிரைவர் கையில ஸ்டீயரிங் இருக்கு மாஷிமா. அதப் பிடிச்சுக்கிட்டு அவன் பொய் சொல்லிடுவான், வண்டி பிரமாதம்னு. இடது சீட்டுக்காரங்களுக்குப் பிடிக்க ஒண்ணும் இல்ல. அவங்க சொல்றதத்தான் நான் நம்புவேன். மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவர் என்னைப் பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, வாய் திறந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு பெங்காலியில் ஒரு முழு வாக்கியம் சொன்னேன். முன்னால் வருகிற அடி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அடி முடிந்தபிறகும் ஆட்டம் நிற்கவில்லை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபிறகு உள்ளே தண்ணீர் ஆடுமே அந்த மாதிரி இருக்கிறது என்றேன். மிஸ்திரி ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "இதச் சொல்லத்தான் இன்ஜினியர் பசங்களுக்கு மூணு நாள் ஆகுது!" என்று இறங்கி, பானெட்டைத் தூக்கி, அந்த நீலத் திருகைச் செருகி, டிக் டிக்கென்று திருப்பினார். ஸ்பிரிங் குதிக்கத்தான் பார்க்கும், போதும் போதும் என்று அதை அடக்குவது ஷாக்கர், அது எவ்வளவு பலமாக அடக்க வேண்டும் என்று சொல்வது இந்தத் திருகு என்று எனக்கு விளக்கினார். பானெட்டின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். மறுபடி அதே தண்டவாளம், அதே தளம், அதே வேகத்தடை. "இப்ப?"

"இப்ப குடம் நின்னுட்டுது. ஆனா பின்னாலருந்து யாரோ ஒரு கை வச்சுத் தள்ளுதாங்க."

அவர் சந்தோஷமாகப் பின்பக்கம் போனார்.

அப்படி இரண்டு சனிக்கிழமை. ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை அதே ரோடு. நான் பேசினேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. மரத்தடியில் வண்டி நிற்கும்போது, இந்தச் சுவருக்குப் பின்னால்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார் என்று சொன்னேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பில் ஒரு வலி இருக்கிறது, மகனுக்குத் தெரியாது என்றுகூடச் சொன்னேன். அந்நிய ஆம்பளையிடம் இடுப்பு வலியைச் சொன்னோமே என்று வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன், ஆனால் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்றும் இருந்தது. "உங்க முதுகுக்குள்ள ஒரு மீட்டர் இருக்கு மாஷிமா" என்றார் மிஸ்திரி. என்னை யாரும் அப்படி எதிலும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. வீட்டில் குழம்பு நன்றாக இருந்தால் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் சனிக்கிழமை முடிவில், வேகத்தடை ஏறி இறங்கியபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். அந்தக் கோட்டுக் கணக்கைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை, பட்டறைக்காரர்கள் கொண்டாடுகிற விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின வாரம். அன்றைக்கு மகன் ஓட்டினான், மிஸ்திரி பின் சீட்டில். "ரொம்ப சாஃப்ட்டா இருக்கு தாதா. பிரேக் போட்டா மூக்கு இறங்குது. இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று முகம் சுருங்கினான். முன்னால் இரண்டு பக்கமும் திருகில் நாலு நாலு கிளிக் கூட்டச் சொன்னான். கூட்டியபிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவருவானே, அந்த முகம். "இதுதான்! இதுதாம்மா வண்டி!" என்றான். எனக்கு அந்தத் தண்டவாளம் ஒவ்வொன்றும் இடுப்பில் ஏறி இறங்கியது. வேகத்தடை வருவதற்கு முன்னால் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்து, காலை ஊன்றி, சீட்டிலிருந்து உடம்பை ஒரு நூல் தூக்கிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

"மாஷிமா, கைய விட்டுட்டு உக்காருங்க" என்றது பின்னாலிருந்து குரல். கையை விட்டேன். "இப்பச் சொல்லுங்க. லாக்சே?"

மகன் சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். என் ஒருத்தி இடுப்புக்காக அந்த முகம் மறுபடி சுருங்க வேண்டுமா? இடுப்பு வலி என்றால் எப்போது, எப்படி, ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வருமே. அதுவும் அவன் முன்னால் நான் பெங்காலியில் பேச வேண்டுமே. "பாலோ" என்றேன். நன்றாக இருக்கிறது. அந்த ஒரு சொல்.

பட்டறைக்குத் திரும்பியதும், மகன் போன் பேச வெளியே போன சமயத்தில், மிஸ்திரி இந்தத் திருகை என் கையில் கொடுத்தார். மகனுக்கு ஒன்று டூல் பையில் வைத்திருந்தார், இது தனி. "இது வண்டிக்காரருக்கு இல்ல, இடது சீட்டுக்கு. தாங்கலன்னா நீங்களே திருப்பிக்குங்க. நாலு கிளிக் இடப்பக்கம். யார்கிட்டயும் கேக்க வேண்டாம்." முன் பானெட்டைத் திறந்து எங்கே செருக வேண்டும் என்று காட்டினார். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து பென்ஷன் விஷயமாக அலிப்பூரில் ஒரு ஆபீஸுக்குக் கையெழுத்துப் போடப் போனோம். அடுத்து வரப்போகிற பெரிய பூஜையின் பந்தலுக்கு எங்கே பார்த்தாலும் மூங்கில் கட்டியிருந்தார்கள். நேர் ரோடு அடைத்திருந்ததால் ஒரு தெருவுக்குள் திரும்பினான். அந்தத் தெருவில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டு, வெள்ளைக்கோடு இன்னும் போடாமல் வைத்திருந்தார்கள். அவன் பார்த்தது கடைசி நிமிஷத்தில். எனக்கு இடுப்புக்குமேல் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே கேட்ட சத்தமா, உள்ளேயா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடாமலே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு ஏற்கனவே மெலிந்திருக்கிறது, ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது, மூன்று மாசம் பெல்ட் போட வேண்டும் என்றார் டாக்டர். மகன் அங்கேயே சுவரில் தலையைச் சாய்த்து நின்றான். அவன் கூட்டிய நாலு கிளிக் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். வந்ததை அவனால் வைத்துக்கொள்ள முடியவில்லை, யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது.

செய்தி கேட்டு மிஸ்திரி வீட்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பழப் பை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசல்படிக்கு அந்தப்புறமே நின்றார். நான் பெல்ட்டோடு கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். என் கைப்பை அந்த நாற்காலியின் கையிலேயே தொங்கியது. மகன் அவரை உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஸ்பிரிங் மாட்டத் தெரிஞ்சா போதுமா? ட்யூனிங்னு போர்டு மாட்டிக்கிட்டா ஆச்சா? ஒரு வயசான லேடி உக்கார்ற சீட்டுன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும் தாதா. அதனாலதான் அவங்களக் கேட்டேன். நீங்களும் இருந்தீங்க. பாலோன்னு சொன்னாங்க."

"அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்! எதக் கேட்டாலும் பாலோன்னுதான் சொல்லுவாங்க. அத நம்பி வண்டியக் கொடுத்துட்டீங்களா?"

எதிர் ஃப்ளாட் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மிஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "அப்படி இல்ல தாதா. மாஷிமா நல்லா பெங்காலி பேசுவாங்க. ரெண்டு சனிக்கிழமையும் ஒவ்வொரு அடியையும் எனக்கு விளக்கிச் சொன்னாங்க. அவங்க சொல்லித்தான் நான் முதல்ல இளக்கமா வச்சேன்."

மகன் சிரித்தான், அவனுக்குச் சிரிப்பு வராத நேரத்தில் வருகிற சிரிப்பு. "என் அம்மாவா?" என்னிடம் திரும்பினான். "அம்மா, நீ இவரோட பெங்காலில பேசினியா?"

என் முன்னால் மூன்று பேர். எதிர் வீட்டு அம்மாள், மகன், மிஸ்திரி. ஆமாம் என்றால் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒரே கணத்தில் எல்லாம் மனசில் ஓடியது. இடுப்பு வலி, குளியலறை, கைப்பிடி, அந்தத் திருகு. மகனுக்குச் சொல்லாததை ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது. "இல்லய்யா" என்றேன். "அவரு என்னமோ கேட்டாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. தலைய ஆட்டுனேன்."

நான் சொன்னது தமிழ். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மகன் அதைப் பெங்காலியில் எடுத்துச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தார். அந்தப் பையைத் திற என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் வெளியே உருண்டு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "அப்படின்னா என் தப்புதான்" என்றார். பழப்பையை வாசல்படிமேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கிப்போன சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது.

மகன் அன்றைக்கே தன் கூட்டாளிகளின் போன் குரூப்பில் எழுதினான். வேலை தெரியாதவர், கேட்டால் பொய்யும் சொல்கிறார் என்று. சிவப்புக் காரில் அதன்பிறகு என்னை ஏற்றவில்லை, எங்கே போனாலும் வாடகைக் கார்தான். திருகைக் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டுக்கு மாற்றினேன். தூர எறியவும் கை வரவில்லை. எலும்பு கூடிவிட்டது. பெல்ட்டைக் கழற்றினேன். இன்னொரு பூஜை வந்து போனது. நான் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மகன் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த மிஸ்திரிகிட்ட இப்ப எங்க ஆளுங்க யாரும் போறதில்ல. போர்டயே கழட்டிட்டாராம், ஆட்டோவுக்கு ஷாக்கர் மாத்திட்டிருக்காராம்" என்றான். எனக்குக் கையில் தோசைக்கரண்டி. தோசையைத் திருப்பிப் போட்டேன். அவனுக்கு இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். அப்போது நான் கேட்டது அது ஒன்றுதான். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனின் கூட்டாளிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் வங்காளிப் பையன்கள், மரியாதையானவர்கள். ஒருவன் தன் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றப்போகிறான், யாரிடம் போவது என்று பேச்சு. "யார்கிட்ட வேணா போ, என் அம்மாவோட பெங்காலில அரட்டை அடிச்ச மிஸ்திரிகிட்ட மட்டும் போகாத" என்றான் என் மகன். எல்லாரும் சிரித்தார்கள். அது அவர்களுக்குள் பழைய வேடிக்கை போலிருக்கிறது, சொல்லி முடிக்கும் முன்னாலேயே சிரித்தார்கள். "மாஷிமா, பெங்காலில ஒண்ணு சொல்லுங்களேன்!" என்று ஒருவன் கேலி செய்தான். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை மேஜையில் வைத்தேன்.

பெங்காலியில் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அவரோடு பேசினேன், இரண்டு சனிக்கிழமை. அவர் எனக்குச் சரியாக வைத்துக் கொடுத்தார், நாலு கிளிக் கூட்டியபோது எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்றேன். வாசலில் வந்து நின்ற மனுஷரை அவர் முகத்துக்கு நேராகப் பொய்யனாக்கினேன். சொற்கள் ஒன்றுகூடத் தடுக்கவில்லை. எவ்வளவு நன்றாகப் பேசுகிறேன் என்று கேட்கக் கேட்க எனக்கே அவமானமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குச் சாட்சி சொல்லிற்று. உள்ளே போய்க் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து, திருகை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கேலி செய்த பையன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்றே காபியைக் குடித்தான். சீக்கிரம் போய்விட்டார்கள்.

மகன் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினான். பிறகு, "நாலு கிளிக்தானேம்மா. சொல்லியிருந்தா அப்பவே குறைச்சிருப்பேன்ல?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். குரூப்பில் தான் எழுதியதை எடுத்துவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று புதிதாக எழுதினான். என் பேரைப் போடவில்லை. போடு என்றேன். "விடும்மா" என்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

அந்தக் கேலிப் பையன் தன் காரை மிஸ்திரியிடமே கொண்டுபோனான். மிஸ்திரி முதலில் மறுத்தாராம், இப்போது ஆட்டோ வேலைதான் பார்க்கிறேன் என்றாராம். கெஞ்சியபிறகு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வா என்றாராம். பலகையை மட்டும் திரும்ப மாட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் பையன் அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தாராம். வேலையெல்லாம் முடிந்து பையன் கிளம்பும்போது, "மாஷிமா வண்டி முன்பக்கம் இன்னும் நாலு கிளிக் இறுக்கமாத்தான் இருக்கும். அவங்களையே திருப்பிக்கச் சொல்லு. திருகு அவங்ககிட்ட இருக்கு" என்று சொல்லி அனுப்பினாராம்.

போன வாரம் மகன் பானெட்டைத் தூக்கிப் பிடித்தான். உள்பக்கம் சாக்பீஸ் வட்டம் பாதி அழிந்து இன்னும் இருந்தது. நான் திருகைச் செருகி இடப்பக்கம் திருப்பினேன். டிக், டிக், டிக், டிக். மறுபக்கமும் நாலு. இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. எங்கள் பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போய், முக்கில் இருக்கிற வேகத்தடையை ஏறி இறங்கினான். எலும்பு கூடினாலும் பழைய முதுகு இல்லை. "லாக்சே?" என்று மகன் கேட்டான். அவன் அறியாமல்தான் கேட்டான், இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். பாலோ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வலிக்கத்தான் செய்யுதுய்யா" என்றேன். "இன்னும் ஒண்ணு குறைக்கணும்."

நடுரோட்டிலேயே நிறுத்தினான். நான் இறங்கிப் போய்த் திருப்புகிற வரைக்கும் பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்தில் டிக் என்றது காதில் விழவில்லை, விரலில்தான் தெரிந்தது. திருகைத் துடைத்து மறுபடி கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கார்டன் ரீச்சுக்கு எப்போது போகலாம் என்று மகன் கேட்கிறான். அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், எந்தப் பாஷையில் என்றும் தெரியும். அவர் அந்த ஸ்டூலை இரண்டு தடவை துடைத்துப் போடுவார். அதில் உட்காருவதற்குத்தான் எனக்கு இன்னும் முகம் வரவில்லை.